பயிற்சி மையம் கேட்டு ஒரு மனு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாடாங் செராய் பக்கம் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறியதும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்கு வந்துவிட்டோம். இங்கிருந்து கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டைக்கு மோட்டாரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை என்று பத்திரிகையில் வராத மாதமில்லை. என் அக்காவின் மூத்த மகன் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வை முடித்துவிட்டு ஏஜென்ட் மூலம் ஆபரேட்டராகப் போனான். ஆர்டர் குறைந்ததும் முதலில் நிறுத்தப்பட்டது அவன்தான். இப்போது சாப்பாடு டெலிவரி செய்கிறான். இளையவன் மூன்றாம் படிவம். எங்கள் கோயில் மண்டபத்து மாடி சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு தொழிற்பயிற்சி மையம் அமைத்துத் தரச் சொல்லி சட்டமன்ற உறுப்பினருக்கு மனு தயாராகிறது. தமிழ்ப்பள்ளியில் கோடிங் வகுப்பு வைக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், கெடா

அன்புள்ள தம்பி,

மனு இன்னும் போகவில்லை என்றால் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மண்டபத்து மாடியில் மையம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

உங்கள் ஊரைச் சுற்றிப் பயிற்சி இடங்களுக்குப் பஞ்சமில்லை. கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக் இருக்கிறது. யுனிகேஎல் பல்கலைக்கழகத்தின் மலேசிய ஸ்பானிஷ் கழகமும் அங்கேதான். சுங்கைப் பட்டாணியில் கிஸ்மெக் என்ற தொழில்திறன் மையம். புக்கிட் மின்யாக் போனால் ஜப்பான் உதவியோடு தொடங்கிய ஜேஎம்டிஐ தொழில்நுட்பக் கழகம். இவ்வளவும் இருக்க, மண்டபத்தில் நீங்கள் என்ன வைக்க முடியும்? பத்து கம்ப்யூட்டர், ஒரு புரொஜெக்டர். மூன்று மாத வகுப்பு, கடைசி நாளில் யாராவது பிரமுகர் கையால் சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. அந்தச் சான்றிதழை நீட்டினால் ஃபேக்டரி எச்ஆரில் இருப்பவர் மரியாதைக்கு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

ஃபேக்டரி வாசலில் தொங்கும் வேலை விளம்பரத்தை ஒருமுறை நின்று படித்துப் பாருங்கள். ஆபரேட்டருக்கு எஸ்பிஎம் போதும், சில இடங்களில் அதுவும் கேட்பதில்லை. அதற்குக் கீழே டெக்னீஷியன் என்று போட்டிருக்கும். மெக்கட்ரோனிக் அல்லது எலக்ட்ரிக்கல் டிப்ளோமா, இல்லையென்றால் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை கேட்பார்கள். இரண்டு பேரும் போடுவது ஒரே வெள்ளை உடைதான், ஏறுவதும் ஒரே ஷிப்ட் பஸ்தான். ஆனால் மெஷின் நின்று அலாரம் அடித்தால் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டெக்னீஷியன்தான் வந்து வேக்குவம் பம்ப்பா, சென்சாரா, வால்வா என்று பார்த்து, செய்ததை எழுதி வைத்துவிட்டு மறுபடி ஓட விடுவார். ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே போவது யார் என்பதை இங்கேயே தெரிந்துகொள்ளலாம். உங்கள் மூத்த மருமகன் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் நின்ற இடம் அப்படி.

கூலிம் பார்க் 1996-இல் திறக்கப்பட்டது. ஜெர்மன் சிப் கம்பெனியான இன்ஃபினியோன் அங்கே 2006 முதல் இருக்கிறது, 2024-இல் சிலிக்கன் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தையும் திறந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்குவது ஓர் இலக்கு. நல்லதுதான். ஆனால் நம் தாமான் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்துக்குள் நுழையக்கூடிய கதவு டெக்னீஷியன் கதவு. அதைப் பற்றி மேடையில் பேசக் கேட்பது அபூர்வம்.

பினாங்கில் இதை வேறு மாதிரி செய்தார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972-இல் வந்த முதல் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்டவை நிறைய கைகள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து மெஷின்கள் மாறின, படித்த கைகள் போதவில்லை. 1989-இல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து பிஎஸ்டிசி என்ற பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பெனிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து, எங்களுக்கு இன்ன வேலை தெரிந்த ஆள் வேண்டும், அதைக் கற்றுக்கொடுங்கள் என்றன. மெஷினையும் கொடுத்தன. வேலைக்கு எடுக்கப்போகிறவனே பாடத்தை எழுதியதுதான் அதன் பலம். நம் ஊர்களில் முதலில் கட்டடம் எழும்பும், பிறகு பாடம் தேடுவோம், வேலையைப் பற்றிக் கடைசியில் யோசிப்போம். சமையலை முடித்துவிட்டு அரிசி வாங்கக் கடைக்குப் போகிற கதை.

பணம் இல்லையா என்றால், இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குப் பயிற்சி வரியாகக் கட்ட வேண்டும். இந்த வரி முறை 1993-இல் தொடங்கியது. அந்தப் பணத்தைக் கம்பெனி பெரும்பாலும் தன் சொந்த ஊழியர்களின் பயிற்சிக்குத்தான் எடுக்கும். ஏஜென்ட் மூலம் உள்ளே போகிறவனுக்கு முதலாளி ஏஜென்ட். ஒரே லைனில் பக்கத்தில் நிற்கும் பையன் கோர்ஸுக்குப் போவான், இவன் போக மாட்டான். வாசலுக்கு வெளியே நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளை கணக்கிலேயே இல்லை.

எஸ்எல்டிஎன் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்களோ என்னவோ. ஜெர்மன்காரர்கள் முறையைப் பார்த்து 2005-இல் கொண்டுவந்த இரட்டைப் பயிற்சித் திட்டம். கம்பெனி பயிற்சியாளரோடு ஒப்பந்தம் போட்டு, அலவன்ஸ் கொடுத்து, வேலையிடத்திலேயே பழக்கும். நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு அங்கே, மீதி வகுப்பில். முடிவில் எஸ்கேஎம். இதற்குக் கட்டடம் வேண்டாம், ஒப்பந்தம் போடும் கம்பெனி வேண்டும். கம்பெனிகளுக்கு ஏஜென்டுக்கு ஒரு போன் போடுவது இதைவிடச் சுலபமாக இருப்பதால் தானாக முன்வருவது குறைவு. உங்கள் மனு தட்ட வேண்டிய இடம் அதுதான். மாநிலம் நிலமும் சலுகையும் கொடுத்து ஒரு கம்பெனியை அழைத்து வரும்போது, வருடத்துக்கு இத்தனை உள்ளூர்ப் பிள்ளைகளை எஸ்எல்டிஎன்னில் எடுக்க வேண்டும் என்று பேசும் உரிமை அதற்கு இருக்கிறது. சட்டமன்றத்தில் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பஸ். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஷிப்ட் பஸ் விடிவதற்கு முன்பே தாமான் வாசலுக்கு வந்து ஆபரேட்டர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. போலிடெக்னிக்குக்குப் போக வேண்டிய பிள்ளை சொந்தமாக மோட்டார் வாங்க வேண்டும், அல்லது விடுதிக் கட்டணம் கட்ட வேண்டும். பதினெட்டு வயதில் கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் போகும்? மண்டபத்து மாடிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு வேன் ஓட்டினால் அந்த மையத்தைவிட அதிகம் பலன் தரும்.

கோடிங் வகுப்பைப் பற்றி. வைத்தால் கெடுதல் இல்லை. ஆனால் பிள்ளைகள் நழுவுவது தமிழ்ப்பள்ளியில் இல்லை, இடைநிலைப்பள்ளியில். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. கணக்கில் கோட்டை விட்டவனை எந்த டிப்ளோமாவும் சேர்த்துக்கொள்ளத் தயங்கும். ஆகவே மாடியை மூன்றாம் படிவம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கும் மலாயும் சொல்லித்தரப் பயன்படுத்துங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம்.

பெற்றோரிடமும் பேசுங்கள். நம் வீடுகளில் பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், சுமாராகப் படித்தால் ஏதோ ஒரு டிகிரி, படிக்காவிட்டால் ஃபேக்டரி என்று மூன்றே பெட்டிதான். பழுது பார்க்கும் வேலை என்றால் முகம் சுளிக்கிறோம். இத்தனைக்கும் செம்பனை ஆலையில் பாய்லரையும் டர்பைனையும் ஆயுசு முழுக்க ஓட்டியவர்கள் நம் சித்தப்பா, மாமாக்கள்தான். அவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பிபிடி என்ற முறையில், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டுக்குப் பிறகு வகுப்பில் உட்காராமலே எஸ்கேஎம் வாங்கலாம். மண்டபத்தில் இந்தக் கோப்பு தயாரிக்க உதவ இரண்டு பேர் வாரம் ஒரு மாலை உட்கார்ந்தாலே பெரிய காரியம்.

மூத்தவனுக்கு இன்னும் காலம் போய்விடவில்லை. எஸ்கேஎம் படிக்க எஸ்பிஎம்மில் இத்தனை கிரெடிட் என்ற கெடுபிடி இல்லை, திறன் பயிற்சிக்குக் கொடுக்கும் பிடிபிகே கடனும் இருக்கிறது. டெலிவரியில் தினமும் கையில் காசு பார்த்துப் பழகியவனை ஒன்றரை வருடம் உட்கார வைப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அலவன்ஸ் வரும் எஸ்எல்டிஎன் இடம் கிடைத்தால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இளையவனுக்கு இந்த வருடமே முடிவெடுக்க வேண்டும். தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பம் மூன்றாம் படிவத்தோடு போகிறது, அந்தத் தேதியைத் தவறவிட்டால் அந்த வழி போயிற்று. அவனுடைய கணக்கு, அறிவியல் மதிப்பெண்களை நீங்கள் எழுதவில்லை. அதையும், அவன் வீட்டில் ஃபேனையோ சைக்கிளையோ கழற்றிப் பார்க்கிறவனா என்பதையும் எழுதுங்கள். தொழிற்கல்லூரியா, நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களா என்று பேசலாம்.

அன்புடன்.