கள்ளன் என்று எழுதலாமா? திருகோணமலைச் சட்டத்தரணியிடம் கேள்விகள்

நிலாவெளி: எங்கள் விடுதிப் படியில் விருந்தினர் ஒருவர் வழுக்கி விழுந்து கை முறிந்தது. ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை போட்டிருக்கிறோம். போதும்தானே?

போதாது. படி ஈரமாக இருந்ததா, விளக்கு எரிந்ததா, நிதானமான ஒருவர் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அந்தக் கவனயீனத்தால்தான் கை முறிந்தது என்பதை அவர் நிரூபிக்க வேண்டும். குடித்துவிட்டு ஓடினார் என்றால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய பங்கைக் கழித்து நட்டஈடு குறையும். படியைத் திருத்துங்கள், பலகையை அல்ல.

மூதூர்: வீடு கட்டித் தருவதாகக் காசு வாங்கி ஏமாற்றியவரைப் படத்தோடு முகநூலில் ‘கள்ளன்’ என்று போட்டேன். உண்மைதானே, எப்படி அவதூறாகும்?

ஆகலாம் தம்பி. இங்கே ஓடுவது ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொன்னதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். ‘இத்தனை ரூபாய் கொடுத்தேன், வேலை நடக்கவில்லை’ என்று பற்றுச்சீட்டோடு எழுதுவது வேறு, ‘கள்ளன்’ என்பது வேறு.

மூதூர், மறுபடியும்: இங்கிலாந்தில் உண்மை மட்டும் போதுமாமே!

அங்கே போதும். உங்கள் வழக்கு திருகோணமலையில்தான் வரும்.

கிண்ணியா: நான் எழுதவில்லை சேர், பகிர்ந்தேன் மட்டும்.

பகிர்வதும் வெளியிடுவதுதான்.

உப்புவெளி: வட்ஸ்அப் குழுவில் கொஞ்சப் பேர்தான் இருக்கிறோம்.

வேறு ஒருவர் பார்த்தாலே போதும். கோபத்தில் எழுதாதீர்கள் என்று எத்தனை தரம் சொல்வது?

தம்பலகாமம்: அவதூறுக்குப் பொலிஸில் பிடிக்க முடியாதா?

குற்றவியல் அவதூறை 2002இல் நீக்கிவிட்டார்கள். நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போங்கள். இதை இனிக் கேட்காதீர்கள்.

பாலையூற்று: பக்கத்து வீட்டுக் கமரா எங்கள் கிணற்றடியையே பார்க்கிறது அண்ணா.

அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை என்று வெளிப்படையாக இல்லை. ஆனால் வேண்டுமென்றே ஒருவரின் மானத்தைத் தொட்டால் ரோமன் டச்சுச் சட்டத்தில் வழி உண்டு. முதலில் கமரா பார்க்கும் திசையைப் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் கோரிக்கைக் கடிதம்.

கன்னியா: மகன் ஓட்டோவில் அடிபட்டு மூன்று வருடம். வழக்குப் போடலாமா?

வழக்குப் போட இரண்டு வருடக் கெடு என்று எப்போதும் சொல்கிறேன், 1871ஆம் ஆண்டிலிருந்து அதுதான் சட்டம். அடிபட்டபோது மகனுக்கு எத்தனை வயது?

கன்னியா: பதினாறு.

அப்படியென்றால் கெடு 18 வயதான பிறகுதான் ஓடத் தொடங்கும். இன்னும் காலம் இருக்கிறது. வைத்தியசாலைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.