பழைய ஸ்னோபோர்டு வாங்கும் முன்: வாசகர் கேள்விகள்

நவம்பர் பிறந்துவிட்டால் கனடாவின் ஒன்டாரியோவில் கிஜிஜி இணையதளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பழைய ஸ்னோபோர்டு (பனிச்சறுக்குப் பலகை) விளம்பரங்கள் குவியத் தொடங்கிவிடும். இந்தக் குளிர்காலத்திலாவது பனியில் இறங்கிப் பழகிவிட வேண்டும் என்று துடிக்கும் நம்மவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். பலகைகளுக்கு விளிம்பு தீட்டுவதும் அடிப்பாகத்தைச் செப்பனிடுவதுமாகப் பட்டறை மேசையருகே பல ஆண்டுகள் நின்றவன் நான். இம்முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பலகை, பைண்டிங், பூட்ஸ் மூன்றும் சேர்த்து 180 டாலர் என்கிறார். இரண்டே முறைதான் பயன்படுத்தினாராம். வாங்கலாமா? (மார்க்கம்)

பலகையையும், பூட்ஸை அதோடு பிணைக்கும் பைண்டிங்கையும் மட்டும் தனியாகத் தருவாரா என்று முதலில் கேளுங்கள். பூட்ஸ் வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கப் பாருங்கள்.

புதிதாகக் கற்பவர் கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியைப் பூட்ஸுக்குத்தான் செலவிட வேண்டும். எத்தனை பேரிடம் சொன்னாலும் இதை யாரும் எளிதில் ஏற்பதில்லை. பலகைதான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது, படமும் நிறமும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் கால் சொல்வதைப் பலகைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பூட்ஸ். அதன் உள்ளுறையில் இருக்கும் நுரை, முதலில் அணிந்தவரின் கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் ஏற்ப அமுங்கி விடுகிறது. அமுங்கிய நுரை மறுபடி எழாது. அதில் உங்கள் கால் நுழைந்தால் குதிகால் அரை அங்குலம் மேலே எழும்பும். முன்விரல் பக்கம் சாய்ந்து திரும்ப நினைக்கிறீர்கள். குதிகால் பூட்ஸுக்குள் எழுகிறது, பலகையோ அசையாமல் கிடக்கிறது. ஒரு நொடி கழித்துத்தான் அது திரும்பும். அதற்குள் நீங்கள் விழுந்திருப்பீர்கள்.

இந்த விளையாட்டு நமக்கு வராது என்று முடிவுகட்டிப் பலகையை விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலரின் பூட்ஸை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை அளவு பெரியது. குறை அவர்கள் காலிலும் இல்லை, துணிச்சலிலும் இல்லை.

கடைக்குப் போய் ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு போட்டுப் பாருங்கள். நேராக நிற்கும்போது கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்னுக்கு வந்துவிடும். முன்னங்காலில் ஏறி நின்றாலும் குதிகால் தன் இடத்தைவிட்டு எழக் கூடாது. பாதத்தின் நீளத்தைச் செ.மீ. கணக்கில் அளந்து கேளுங்கள். மோண்டோ அளவு என்பது அதுதான்: 27 செ.மீ. பாதத்துக்கு 27, அமெரிக்க ஆண்கள் அளவில் அது 9.

‘இரண்டே முறை’ என்ற பேச்சைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பைண்டிங்கின் பட்டைகளில் இருக்கும் பற்களைப் பாருங்கள். இரண்டு முறை போட்ட பட்டையில் பற்கள் கூர்மையாக இருக்கும். முனை மழுங்கி வெளுத்திருந்தால் அது பல குளிர்காலம் பார்த்தது.

பலகையைப் பார்க்க ஒருவர் வீட்டுக்குப் போகிறேன். எதை எதைக் கவனிக்க வேண்டும்? (பிராம்ப்டன்)

பகலில் போங்கள். இருட்டிய பிறகு கார் நிறுத்துமிடத்தில், கைபேசி வெளிச்சத்தில் பார்த்து வாங்கிவிட்டு மறுநாள் காலையில் வருந்தியவர்கள் அதிகம்.

முதலில் பைண்டிங்கைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு ஸ்க்ரூடிரைவரை நீங்களே கொண்டுபோங்கள். கழற்ற மறுக்கிறார் என்றால் வேறு பலகை தேடலாம். பைண்டிங்கைப் பலகையோடு திருகிப் பிடிக்கும் வட்டமான டிஸ்க்குக்கு அடியில்தான் விரிசல்கள் ஒளிந்திருக்கும். திருகு இறங்கும் உலோகத் துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு திருகை விரலாலேயே சுற்றி இறக்கிப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். பிறகு பலகையைத் திருப்பி, அந்தத் துளைகளுக்கு நேர் கீழே அடிப்பாகத்தில் குழியோ புடைப்போ தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் துளை பெயர்ந்து வரத் தொடங்கியிருக்கலாம்.

அடுத்து விளிம்பு. பலகையைச் சுற்றி ஓடும் எஃகுப் பட்டைமீது நகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். எங்காவது நகம் தட்டி நின்றால் அங்கே விரிசல் இருக்கலாம். மேடுகளிலும் கம்பிகளிலும் ஏறி விளையாடியவர்களின் பலகையில், கால்களுக்கு இடைப்பட்ட பகுதியிலும் பைண்டிங்குக்கு நேர் கீழேயும் இந்த விரிசல் இருக்கும். பலமுறை தீட்டித் தீட்டி மெலிந்துபோன விளிம்பையும் வாங்காதீர்கள், மறுபடி தீட்ட அதில் உலோகம் மிச்சமிருக்காது. கனடாவின் மேற்கே பஞ்சுபோல் விழும் பனியில் மழுங்கிய விளிம்போடும் சமாளிக்கலாம். ஒன்டாரியோவின் புளூ மவுன்டன் சறுக்கு மலையில் ஜனவரி மாதத்துக் காலைப்பொழுதில் தரை கண்ணாடியாக இருக்கும். அங்கே விளிம்பு கடிக்காவிட்டால் நிற்கவே முடியாது.

மூன்றாவது அடிப்பாகம். கீறல்களைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை எல்லாப் பலகையிலும் இருக்கும். கறுப்பு அடிப்பாகம் சாம்பல் பூத்து வெளுத்திருந்தால் அது மெழுகு காணாமல் காய்ந்திருக்கிறது. சூடான மெழுகு ஊட்டினால் சரியாகிவிடும். ஆனால் ஒரு கீறலின் ஆழத்தில் மரமோ கண்ணாடி இழையோ தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த பலகையில் அப்படிப்பட்ட காயத்தைப் பெருவிரலால் அழுத்தினேன். பழுப்பு நிறத்தில் நீர் கசிந்து என் நகத்தடியில் இறங்கியது. உள்ளேயிருந்த மரம் ஊறி அழுகிவிட்டிருந்தது. மேலே பூசியிருந்த படமோ அன்று வாங்கியதுபோல் பளிச்சென்று இருந்தது.

கடைசியாக, முனையையும் வாலையும் பக்கவாட்டில் விரல்களால் பிரித்துப் பாருங்கள். அடுக்குகள் வாய் திறந்தால் வாங்காதீர்கள்.

விளிம்பு முழுக்கத் துரு. பயப்பட வேண்டுமா? (ஹாமில்டன்)

ஆரஞ்சு நிறத்தில் பொடிபோல் படிந்த துரு ரப்பர்க் கல்லால் தேய்த்தால் போய்விடும். அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். தேய்த்த பிறகும் கறுப்புக் குழிகள் மிஞ்சினால் வேண்டாம்.

பலகை ஒருவரிடமும் பைண்டிங் இன்னொருவரிடமும் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டும் பொருந்துமா? (ஸ்கார்பரோ)

பணம் கொடுப்பதற்கு முன் துளைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நான் வாங்கிய முதல் பலகை ஓர் அறிமுகமில்லாதவரிடமிருந்து. வீட்டுக்கு வந்து பைண்டிங்கைப் பொருத்த உட்கார்ந்தால் பலகையில் துளைகள் முக்கோணமாக இருந்தன, டிஸ்க்கிலோ சதுரமாக நான்கு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லித்தான் விற்றார். அந்தச் சனிக்கிழமை மலைக்குப் போக நண்பர்கள் காரோடு வாசலில் வந்து நின்றார்கள். நான் போகவில்லை. அன்று பட்ட ஏமாற்றம் இன்றும் நினைவிருக்கிறது. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெரும்பாலான பலகைகளில் 4 செ.மீ. இடைவெளியில் நான்கு துளைகள் இருக்கும், அல்லது அதையே நெருக்கமாக்கி 2 செ.மீ.க்கு ஒரு வரிசை இருக்கும். இரண்டுக்கும் ஒரே டிஸ்க் போதும். பர்ட்டன் நிறுவனத்தின் பழைய பலகைகளில் மூன்று துளைகள் முக்கோணமாக அமைந்திருக்கும். அதே நிறுவனத்தின் பிற்காலப் பலகைகள் பலவற்றில் துளைகளே கிடையாது, ஒவ்வொரு காலுக்கும் கீழே நடுவில் நீளமாக ஒரு பள்ளம் மட்டும் ஓடும். அதை சானல் என்பார்கள். முக்கோணத்துக்கும் சானலுக்கும் ஏற்ற டிஸ்க் உங்கள் பைண்டிங்கோடு வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சானலுக்கென்றே செய்த பைண்டிங் வேறு எந்தப் பலகையிலும் உட்காராது.

பைண்டிங்கின் பிளாஸ்டிக்கையும் பாருங்கள். ஆண்டுகள் ஆக ஆக அது இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். குளிரில் பட்டை ஒடிந்தால் ஒரு காலைப் பலகையில் மாட்டிக்கொண்டு மறுகாலால் மலையிறங்க வேண்டியதுதான். கணுக்காலுக்குப் பின்னால் நிற்கும் முதுகுத் தகட்டை வளைத்துப் பார்க்கும்போது வெள்ளைக் கோடுகள் தோன்றினால் வாங்காதீர்கள்.

மிதித்தால் தானாக மாட்டிக்கொள்ளும் பழைய பைண்டிங் 40 டாலருக்குக் கிடைக்கிறது. வசதிதானே? (மிசிசாகா)

அது 1990களின் பொருளாக இருந்தால் வேண்டாம். அந்த வகை பைண்டிங் தனக்கென்று செய்த பூட்ஸை மட்டுமே ஏற்கும். அந்த பூட்ஸ் இப்போது கடைகளில் வருவதில்லை. பழையது கிடைத்தாலும் நம்ப முடியாது, ஒட்டிய அடித்தட்டு பாதி மலையில் கழன்று கையோடு வரும். பர்ட்டன் 2017இல் கொண்டுவந்த ஸ்டெப் ஆன் என்ற மிதித்து மாட்டும் பைண்டிங் வேறு அமைப்பு. அதற்கும் தனி பூட்ஸ் வேண்டும் என்பதால் தொடக்கத்தில் செலவு கூடும்.

நின்றால் தாடை வரை வரும் பலகை வாங்கு என்கிறார்கள். என் உயரம் 178 செ.மீ., எடை 64 கிலோ. (வாட்டர்லூ)

பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். உங்கள் எடைக்கு 150 செ.மீ.யை ஒட்டிய, எளிதில் வளையக்கூடிய பலகை போதும். தாடையை வைத்து அளந்தால் இன்னும் நீளமானதை வாங்கிவிடுவீர்கள், அது உங்கள் சொல் கேட்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் எடை அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள்.

அகலமும் முக்கியம். பூட்ஸ் அமெரிக்க அளவில் 11 அல்லது அதற்கு மேல் என்றால் அகலப் பலகை தேடுங்கள், இடைப்பகுதி 26 செ.மீ. இருக்கட்டும். குறுகிய பலகையில் விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டு பனியில் இடிக்கும். பெரும் நிபுணருக்கென்று செய்த விறைப்பான பலகை பாதி விலைக்கு வந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது உங்களுக்கு எதிரி.

விற்பவர் வலது காலை முன்வைத்து ஓட்டுபவர். எனக்கு இடது கால். (லண்டன், ஒன்டாரியோ)

பைண்டிங்கின் கோணத்தை மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை. முனையும் வாலும் வெவ்வேறு வடிவில் இருக்கும் பலகை என்றால் பைண்டிங்கை இடம் மாற்றி மாட்டுங்கள். இதற்காக நல்ல பலகையைக் கைவிடாதீர்கள்.

ஹெல்மெட்டும் சேர்த்துத் தருகிறாராம். கீறல்கூட இல்லை. (ஏஜாக்ஸ்)

நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளேயிருக்கும் நுரை பலத்த அடி ஒன்றை வாங்கிக்கொண்டு தான் நசுங்கி உங்கள் தலையைக் காக்கிறது. நசுங்கிய பிறகும் வெளி ஓடு அப்படியே இருக்கலாம். கடந்த குளிர்காலத்தில் அது எங்கே மோதியது என்று உங்களால் அறிய முடியாது. புதிதாக வாங்குங்கள், உள்ளே ஏ.எஸ்.டி.எம். எஃப்2040 அல்லது இ.என். 1077 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கட்டும். அதோடு மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள். புதிதாகக் கற்பவர்கள் விழும்போது கையைத்தான் ஊன்றுகிறார்கள். எலும்பு முறிவில் முதலிடம் மணிக்கட்டுக்குத்தான்.

மகனுக்கு ஒன்பது வயது. பழையது வாங்கலாமா? (ஓக்வில்)

பருவம் முழுமைக்கும் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. இலையுதிர் காலத்தில் அளவு பார்த்து எடுத்துக்கொண்டு வசந்தத்தில் திருப்பிக் கொடுக்கலாம். நடுவில் கால் வளர்ந்தால் மாற்றித் தருவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணனுடையதைத் தம்பிக்குக் கொடுத்து ‘கொஞ்சம் பெரிதாக இருந்தால் என்ன, அடுத்த வருடமும் போடுவான்’ என்று நினைப்பது பெற்றோர் இயல்பு. பள்ளிச் சட்டைக்கு அது சரி. பனியில் பிள்ளை அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுவான்.

வரிசை எண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள். விலை மிகக் குறைவு. (வான்கூவர்)

வாங்காதீர்கள். மலையடிவார உணவகங்களின் வாசலிலிருந்து பலகைகள் திருட்டுப் போவது அங்கே வழக்கமான வேதனை. சுரண்டிய எண்ணுக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாங்க நல்ல சமயம் எது? (டொராண்டோ)

மார்ச் கடைசியும் ஏப்ரலும். வாடகைக் கடைகள் தங்கள் பலகைகளை அப்போதுதான் கழித்துவிடும். கீறலும் ஒட்டிய எண்களுமாக அழகில்லாமல் இருந்தாலும், கற்பவருக்கு ஏற்ற மென்மையான பலகைகள் அவை. அக்டோபரில் சறுக்குக் கழகங்கள் நடத்தும் பழைய பொருள் சந்தைகளுக்கும் போகலாம், அங்கே பைண்டிங்கைக் கழற்றிக் காட்டத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

அதுவரை மூன்று நாள் வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த நீளப் பலகை, எந்த அளவு பூட்ஸ், எந்தக் காலை முன்வைத்தீர்கள், எங்கே வலித்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மார்ச்சில் விற்பவரின் வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளையும் ஸ்க்ரூடிரைவரையும் சட்டைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.