முள் குத்தியது தொண்டையில், ஸ்கேன் ஏன் நெஞ்சுக்கும்?

பாம்பன் வாசகரின் கேள்வி: காரல் மீன் குழம்பு சாப்பிட்டபோது அம்மாவுக்கு முள் சிக்கியது. சோற்று உருண்டை விழுங்கியதும் குத்தல் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல், கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மருத்துவர் கழுத்தோடு நெஞ்சுக்கும் சி.டி. ஸ்கேன் எழுதியிருக்கிறார். நெஞ்சு எதற்கு?

அவசியம் எடுக்க வேண்டும், அதுவும் இன்றே. குத்தல் நின்றதால் முள் வயிற்றுக்குப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. உருண்டையின் அழுத்தத்தில் அது தொண்டைச் சுவருக்குள் முழுசாக இறங்கியிருக்கலாம். வாழைப்பழ வைத்தியத்திலும் இதே ஆபத்து உண்டு.

கழுத்தின் தசைகளையும் குழாய்களையும் ஃபேசியா என்ற உறைகள் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கின்றன. விழுங்கும்போது தொண்டை வழுக்கி ஏறி இறங்குவதற்காக அடுக்குகளுக்கு நடுவே தளர்ந்த இடைவெளிகள் உண்டு. முள் இறங்கிய இடத்தில் சீழ் பிடித்தால், அது பரவவும் அவையே வழி. தொண்டையின் பின்சுவரை ஒட்டிய இடைவெளி பெரும்பாலும் மேல்நெஞ்சில் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் 'அலார்' என்ற மெல்லிய உறையைத் தாண்டினால் இன்னொன்று இருக்கிறது. 'அபாய இடைவெளி' என்றே அதற்குப் பெயர். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் வரை அது தடையில்லாமல் இறங்குகிறது. கழுத்தை மட்டும் பார்த்தால் நெஞ்சுக்கு இறங்கிய சீழ் தப்பிவிடும். அது உயிரைப் பறிக்கக்கூடியது.

எக்ஸ்ரே போதாதா என்றால், காரல், சூடை போன்ற மீன்களின் மெல்லிய முள் அதில் தெரியாமலே போகலாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் வீக்கத்தை ஊகிக்கலாம்: பெரியவர்களுக்கு இரண்டாம் கழுத்தெலும்பின் முன்னுள்ள சதைப்பகுதி 7 மி.மீ.க்கும், ஆறாம் எலும்பின் முன் 22 மி.மீ.க்கும் மேல் தடித்திருந்தால் சந்தேகம். சீழ் எதுவரை போயிருக்கிறது என்பதைச் சி.டி.யில்தான் பார்க்க முடியும்.

சீழ் பரவும் திசையை அறிகுறிகளும் காட்டிக்கொடுக்கும். குழந்தை கருவாக இருக்கும்போது கழுத்துப் பகுதியில் மேடுகளாகத் தோன்றுபவை தொண்டை வளைவுகள். அவற்றில் உருவாகும் தசைகளுக்கு வளைவுக்கொரு நரம்பு. மெல்லும் தசைகள் முதல் வளைவைச் சேர்ந்தவை. சீழ் பக்கவாட்டில் பரவி அவற்றைத் தொட்டால் வாய் திறக்காது. மூன்று விரல் நுழையாவிட்டால் சொல்லுங்கள். மூன்றாம் வளைவின் ஒன்பதாம் மூளைநரம்பு நாவடிக்கும் நடுக்காதுக்கும் பொது. அதனால்தான் விழுங்கும்போது காதும் வலிக்கும். குரல்வளைத் தசைகள் நான்கு, ஆறாம் வளைவுகளைச் சேர்ந்தவை, அவற்றின் நரம்புகள் இரண்டுமே வேகஸ் என்ற பத்தாம் மூளைநரம்பின் கிளைகள். குரல் மாறினால் அந்தப் பக்கம் கவனம் தேவை.

மயக்கமருந்து கொடுக்க நேரலாம், ஆகவே சாப்பாடு, தண்ணீர் எதுவும் வேண்டாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தாலோ, மூச்சில் இரைச்சல் கேட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைக்காமல் உட்கார வைத்திருங்கள்.