ஐஸ் ஏணிக்குத் தவழ்ந்து போன செனட்டர்

கேள்வி: அமெரிக்க செனட்டில் இருப்பவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்கள்தானே? ஏழை வீட்டிலிருந்து போய்த் தொழிலாளிக்கு உருப்படியாக எதையாவது செய்தவர் உண்டா?

பதில்: உண்டு, ராபர்ட் வாக்னர். 1877இல் ஜெர்மனியில் பிறந்து சின்ன வயதில் நியூயார்க் வந்தவர். அப்பா ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார், பையன் பேப்பர் விற்றான். அப்புறம் வக்கீலாகி 1905இல் மாநிலச் சட்டசபைக்குப் போனார். போனதும் புரட்சி செய்தார் என்று நினைக்காதீர்கள், வேலை வாங்கித் தந்து ஓட்டு வாங்கும் டாமனி ஹால் கோஷ்டியின் வளர்ப்புப் பிள்ளை அவர்.

1911 மார்ச் 25 அன்று ட்ரையாங்கிள் என்ற தையல் கம்பெனியில் தீப்பிடித்தது. ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடந்ததால் 146 பேர், பெரும்பாலும் பிழைக்க வந்த இளம்பெண்கள், கருகியும் மாடியிலிருந்து குதித்தும் செத்தார்கள். விசாரணைக் கமிஷனுக்கு வாக்னர் தலைவர். கமிஷன் என்றாலே காகிதம்தானே என்பீர்கள், ஆனால் கூடப் போன ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் (பிற்பாடு ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் அமைச்சர்) அப்படி விடவில்லை. ஒரு ஃபேக்டரியில் ‘தீ விபத்தில் தப்பிக்கும் வழி’ என்று இருந்தது சுவரில் ஒரு சின்ன ஓட்டை, அதற்கு வெளியே ஐஸ் பிடித்த செங்குத்தான இரும்பு ஏணி, அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிடும். அந்த ஓட்டைக்குள் வாக்னரையே தவழ்ந்து போக வைத்தார் அந்த அம்மாள். முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் அந்தக் கமிஷனால் வந்தன.

கேள்வி: அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இருக்கிறதாமே?

பதில்: 1927இல் செனட்டுக்குப் போனவர் 1935இல் கொண்டுவந்தது அது. சங்கத்தில் சேர்ந்தால் வேலையை விட்டுத் தூக்க முடியாது, முதலாளியே ஆள் வைத்து நடத்தும் கம்பெனிச் சங்கம் செல்லாது, எந்தச் சங்கம் வேண்டும் என்று தொழிலாளர்கள் ரகசிய ஓட்டுப் போடலாம், அதை அரசு வாரியம் நடத்தும். 2021இல் பஃபலோ நகர ஸ்டார்பக்ஸ் ஊழியர்கள் ஓட்டுப் போட்டுச் சங்கம் வைத்ததும் இதன்படிதான். 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இதன் பல்லைப் பாதி பிடுங்கியது, அப்போதும் அவர் செனட்டர்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்க மசோதா கொண்டுவந்து தோற்றவர் இவர். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் செய்த வயல் வேலையையும் வீட்டு வேலையையும் இவருடைய சட்டம் சேர்க்கவே இல்லை. இன்றுவரை சேரவில்லை.