ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) தீவிரவாதிகள் விரட்டப்பட்ட பிறகும், ஈராக்கின் சிறுபான்மை மதத்தவரான யசீதிகள் பலர் தங்கள் ஊரான சிஞ்சாருக்குத் திரும்பாதது ஏன்?

வீடுகள் இடிந்து கிடப்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரியது, யாரை நம்பி ஊர் திரும்புவது என்ற கேள்வி. 2014 ஆகஸ்ட் 3 அன்று ஐஎஸ் படையினர் வட ஈராக்கின் சிஞ்சாருக்குள் நுழைந்தபோது, காவலுக்கு நின்ற குர்திய பெஷ்மெர்கா படையினர் மக்களிடம் சொல்லாமலேயே பின்வாங்கினர். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர் அல்லது அடிமைகளாக்கப்பட்டனர், பல்லாயிரம் பேர் தண்ணீரின்றி மலையில் சிக்கினர். 2015 நவம்பரில் நகரம் மீட்கப்பட்ட பின்னும், பாதுகாப்பு எவர் கையில் என்பதில் பாக்தாத்திலுள்ள ஈராக்கிய மத்திய அரசுக்கும் எர்பிலிலுள்ள குர்திய தன்னாட்சி அரசுக்கும் உள்ளூர் ஆயுதக் குழுக்களுக்கும் இடையே இழுபறி தீரவில்லை. உள்ளூர்க்காரர்களைக் கொண்டு 2,500 பேர் கொண்ட காவற்படை அமைப்பதாக 2020 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம் (அதில் யசீதிகளின் கருத்து பெரிதாகக் கேட்கப்படவில்லை) பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

அடையாளமும் இதில் பின்னிக் கிடக்கிறது. தாய், தந்தை இருவரும் யசீதிகளாக இருந்தால்தான் பிள்ளை யசீதி. மதம் மாறி உள்ளே வர வழியில்லை. அத்தகைய சமூகத்தில், ஐஎஸ் பிடியிலிருந்து மீண்ட பெண்களை ஏற்றுக்கொள்ளும்படி தலைமைக் குருவான பாபா ஷேக் அறிவித்ததும், யசீதிகளின் புனிதத் தலமான லாலிஷ் கோயிலின் வெள்ளைச் சுனை நீரைத் தலையில் ஊற்றி அவர்களை வரவேற்றதும் துணிச்சலான மாற்றம் என்றே கருதுகிறேன். ஆனால் அந்த வரவேற்பு, அந்தப் பிடியில் ஐஎஸ் ஆண்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்கு நீளவில்லை. தந்தை முஸ்லிம் என்றால் பிள்ளையும் முஸ்லிம் என்று பதியும் ஈராக்கியச் சட்டமும் சேர்ந்துகொள்ள, குழந்தையா, ஊரா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட தாய்மார்களில் சிலர் திரும்பவே இல்லை.