கோசிக்கு ஏழு கிளைகள் எவை?

கேள்வி: நேபாளத்திலிருந்து பீகாருக்குப் பாயும் கோசி ஆற்றை ‘சப்த கோசி’ என்கிறார்களே, அதன் ஏழு ஆறுகள் எவை? அது ஏன் தடம் மாறுகிறது?

பதில்: இந்திராவதி, தாமா கோசி, லிக்கு, தூத் கோசி ஆகியவை சுன் கோசியோடு கலந்து கிழக்கே ஓடுகின்றன. எவரெஸ்டின் தென்புற நீர் தூத் கோசி வழியாகத்தான் வருகிறது. வடக்கிலிருந்து அருண், கிழக்கிலிருந்து தமோர்; நேபாளத்தின் திரிவேணியில் மூன்றும் சங்கமம். அருண் திபெத்தில் பிறந்து இமயத்தையே அறுத்துக்கொண்டு வருவது. மலை எழும்புமுன்பே ஓடிய ஆறு என்பதே புவியியலாளர் பலரின் விளக்கம்.

சதராவில் மலையைவிட்டு இறங்கியதும் சரிவு சட்டென்று குறைகிறது. சுமந்துவந்த வண்டலைக் கோசி அங்கே கொட்டிவிடுகிறது. படுகை மேடானால் நீர் பள்ளம் தேடும். இருநூற்றைம்பது ஆண்டுகளில் மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கிறது. கரை கட்டியும் தீரவில்லை. கரைகளுக்கு நடுவே வண்டல் உயர்ந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தபோது, கரை தாங்க வேண்டிய அளவைவிட மிகக் குறைவான நீரே ஓடியது. வெள்ளம் பழைய தடத்திலேயே பீகாருக்குள் புகுந்தது.