கலைந்து கிடக்கும் எலக்ட்ரான்கள் ஒழுங்கான திட்டுகளாக எப்படி அமைகின்றன? மடிக்கணினியில் செய்து பார்க்க முடியுமா?

கேட்டவர் வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பவர், ஊர் குடியாத்தம். லேசர் துடிப்பால் கலைக்கப்பட்ட எலக்ட்ரான்கள் மறுபடி ஒழுங்குக்கு வரும்போது ஒரே படிகமாக வராமல் ஏன் திட்டுத் திட்டாக வருகின்றன, அந்தத் திட்டுகள் ஏன் அவ்வளவு மெதுவாக வளர்கின்றன, இதை ப்ராஜெக்டாக எடுக்கலாமா என்பது கேள்வி.

தாராளமாக எடுக்கலாம். விளக்கத்துக்கு உங்கள் ஊர் லுங்கியே போதும். கட்டம் போட்ட லுங்கியை மூட்டித் தைக்கும்போது இரண்டு ஓரத்துக் கட்டங்களும் சேர வேண்டும். ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டால், துணியில் எங்கேயும் பழுது இருக்காது. தையல் ஓடும் கோட்டில் மட்டும் வடிவம் முறிந்து நிற்கும். எலக்ட்ரான் திட்டுகளுக்கு இடையிலுள்ள சுவர் அப்படிப்பட்டதுதான். இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, இரண்டும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவே.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. இயக்க ஆற்றலைவிட விலக்கு ஆற்றல் ஓங்கினால் அவை சம இடைவெளி விட்டுப் படிகமாக உட்காரும் என்று இயற்பியலாளர் விக்னர் 1934-இல் சொன்னார். 1979-இல் கிரைம்ஸும் ஆடம்ஸும் திரவ ஹீலியத்தின் பரப்பில் மிதக்கும் எலக்ட்ரான்களில் அதைக் கண்டார்கள். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 44 கோடி எலக்ட்ரான் இருந்தபோது, 0.46 கெல்வினுக்குக் கீழே அவை முக்கோண அடுக்காக உறைந்தன. பக்கத்து எலக்ட்ரானோடு இடைவெளியைச் சரிசெய்வது சட்டென்று முடிந்துவிடும் வேலை. ஆனால் அந்த வேலை பல இடங்களில் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று தெரியாமல் தொடங்குகிறது. ஆகவே திட்டுகள் பிறப்பது தவிர்க்க முடியாதது. சிக்கல் முழுவதும் அதற்குப் பிறகு, சுவர்களைக் கலைப்பதில் இருக்கிறது.

உண்மைப் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு 1டி-டான்டலம் டைசல்ஃபைடு. இதில் 13 டான்டலம் அணுக்கள் நட்சத்திர வடிவில் நெருங்கி, நட்சத்திரத்துக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் நடுவில் மிஞ்சுகிறது. நட்சத்திரங்களுக்கு இடையே சுமார் 12 ஆங்ஸ்ட்ராம். குளிர்விக்கும்போது 180 கெல்வின் அளவில்தான் முழு ஒழுங்கு வருகிறது. அதற்கு மேலே 350 கெல்வின் வரை, சிறு திட்டுகளைச் சுவர்கள் வலைபோலப் பிரித்து வைத்திருக்கும் நிலை. மே மாத வேலூர் வெயில் 42 டிகிரி என்றால் 315 கெல்வின்; மேசை மேல் கிடக்கும் அந்தப் படிகத்துக்குள் அப்போதும் திட்டுகள் உண்டு.

பதின்மூன்று அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்பதால், ஒரே வடிவத்தை 13 வெவ்வேறு இடங்களில் தொடங்கலாம். வலச்சுழி, இடச்சுழி என்ற வேறுபாட்டையும் சேர்த்தால் 26 வகைத் திட்டுகள். இரண்டே வகை இருந்தால் ஒரு சுவர் வளையமாகச் சுருங்கி மறைந்துவிடும். பல வகை இருக்கும்போது மூன்று சுவர்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. அந்த முடிச்சு தனக்கு எதிரான இன்னொரு முடிச்சைச் சந்திக்கும்வரை எளிதில் அவிழாது. மெதுவாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொன்று வெப்பம். ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் உள்ள யோசெஃப் ஸ்டெஃபான் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 35 ஃபெம்டோ விநாடி லேசர் துடிப்பு ஒன்றே இந்தப் படிகத்தைக் கடத்தாப் பொருளிலிருந்து கடத்தும் நிலைக்குத் தள்ளியது. சில கெல்வினில் அந்த நிலை அப்படியே நிற்கிறது. 70 கெல்வின் அளவுக்குச் சூடாக்கினால் திரும்பிவிடுகிறது. ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவர் ஒரு படி நகர 100 மில்லி எலக்ட்ரான்வோல்ட் தடை, விநாடிக்கு ஒரு லட்சம் கோடி முயற்சி என்று வையுங்கள் (இவை கணக்குக்காக எடுத்த எண்கள்தாம்). 77 கெல்வினில் ஒரு படிக்கு 3.5 மைக்ரோ விநாடி. 30 கெல்வினில் 17 மணி நேரம். 20 கெல்வினில் ஐந்து லட்சம் ஆண்டு! தடை மாறவே இல்லை, வெப்பநிலை மட்டும்தான் மாறியது. மிகக் குளிரில் தடையைத் தாண்டாமல் ஊடுருவிப் போகும் குவாண்டம் வழி முக்கியமாவது இதனால்தான்.

இனி ப்ராஜெக்ட். எடுத்த எடுப்பிலேயே 13-க்குப் போக வேண்டாம். சதுரக் கட்டம், பாதி இடங்களில் எலக்ட்ரான், பக்கத்து இடத்தோடு மட்டும் விலக்கு என்று தொடங்குங்கள். இதன் ஒழுங்கு நிலை சதுரங்கப் பலகை வடிவம். இரண்டே வகைத் திட்டு. இது ஐசிங் எதிர்ஃபெரோகாந்தத்துக்கு (அடுத்தடுத்த சிறு காந்தங்கள் எதிரெதிராக நிற்கும் மாதிரிக்கு) சமம் என்பதால் விடை முன்கூட்டியே தெரியும்: வெப்ப ஆற்றல் விலக்கு ஆற்றலின் 0.567 மடங்குக்குக் கீழே போனால் ஒழுங்கு வரும். உங்கள் நிரல் இந்த எண்ணைத் தராவிட்டால் மேற்கொண்டு எதையும் நம்பாதீர்கள்.

256-க்கு 256 கட்டம். 32,768 எலக்ட்ரான்களை இஷ்டத்துக்கு இறைத்துவிட்டு, வெப்ப ஆற்றலை ஒரே அடியாக விலக்கு ஆற்றலின் 0.3 மடங்குக்கு இறக்குங்கள். 0.05-க்கு இறக்கினால் சுவர்கள் உறைந்துபோகும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஓர் எலக்ட்ரானையும் பக்கத்துக் காலி இடத்தையும் தேர்ந்தெடுத்து, தாவினால் ஆற்றல் எவ்வளவு மாறும் என்று பார்த்து, மெட்ரோபொலிஸ் விதிப்படி (ஆற்றல் குறைந்தால் ஏற்பது, கூடினால் வெப்பநிலைக்கேற்ற வாய்ப்போடு மட்டும் ஏற்பது) ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யுங்கள். மொத்த இடங்களின் எண்ணிக்கை அளவு முயற்சிகள் சேர்ந்தது ஒரு மான்டே கார்லோ படி.

அதிகம் பேர் தவறுவது அந்த ஆற்றல் மாற்றத்தில்தான். போகும் இடத்தின் அண்டை எலக்ட்ரான்களை எண்ணும்போது, தாவப்போகும் எலக்ட்ரானையே அண்டையாக எண்ணிவிடுகிறார்கள். அது கிளம்பிப் போகிறது, தன்னைத் தானே விலக்காது. அதைக் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் போவதற்கும் வருவதற்கும் இரண்டுக்குமே கூடுதல் விலை விழுந்து, சமநிலை விதியே கெடும். நிரல் நிற்காது, படமும் அழகாகவே வரும், விடை மட்டும் தப்பு. ஆகவே 1,000 படிக்கு ஒரு முறை மொத்த ஆற்றலை முதலிலிருந்து கணக்கிட்டு, கூட்டிக்கொண்டே வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். விலகினால் இந்தத் தவற்றை முதலில் தேடுங்கள்.

அடுத்தது ஓரம். கட்டத்தின் வலது ஓரத்தை இடது ஓரத்தோடு இணைப்பது லுங்கியை மூட்டுவதேதான். பக்க நீளம் 255 என்று ஒற்றைப்படையில் வைத்தால் கட்டம் சேராது. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒரு சுவர் நிற்கும். 13-க்கு ஒன்று என்ற மாதிரிக்குப் போகும்போது நீளம் 13-இன் மடங்காக இருக்க வேண்டும். 104-க்கு 104 என்றால் 832 எலக்ட்ரான், சரியாகப் பொருந்தும். 100 என்று வைத்துவிட்டு, மறையாத சுவர்களைப் புதிய கண்டுபிடிப்பாக எழுதிவிடக் கூடாது.

திட்டின் அளவை அறிய, ஒவ்வொரு இடத்தின் நிரம்பலிலிருந்து அரையைக் கழித்து, கறுப்புக் கட்டத்தில் அப்படியே விட்டு, வெள்ளைக் கட்டத்தில் குறியை மாற்றுங்கள். இப்போது ஒரு திட்டு முழுக்க ஒரே குறி. இதன் ஒப்புறவு (இரண்டு இடங்களின் குறி எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) எந்தத் தொலைவில் பாதியாகக் குறைகிறதோ அதுவே திட்டின் அளவு. 50 ஓட்டங்களின் சராசரி எடுத்து மடக்கை அச்சுகளில் வரைந்தால் சரிவு 0.5 வர வேண்டும்: காலம் நான்கு மடங்கானால் திட்டு இரண்டு மடங்கு. மின்னூட்டம் அழியாமல் காக்கப்படுவதால் சரிவு மூன்றில் ஒரு பங்கு வர வேண்டாமா என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். இரண்டு வகைத் திட்டிலும் மின்னூட்டம் சமம். சுவர் நகர எலக்ட்ரான் தொலைதூரம் போக வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு தாவல் போதும். காக்கப்படுவது மின்னூட்டம், ஒழுங்கு அல்ல. இந்த ஒரு புள்ளியை நன்றாக எழுதினாலே ப்ராஜெக்டுக்கு எடை வந்துவிடும்.

முதல் பத்துப் படிகளையும், திட்டு கட்டத்தின் கால் பங்கைத் தாண்டிய பிறகானவற்றையும் சரிவுக்கு எடுக்காதீர்கள். சில ஓட்டங்களில் இரண்டு திட்டுகள் பட்டைகளாக நெடுநேரம் நிற்கும். அது நிரல் பிழை இல்லை. நேரான சுவருக்குச் சுருங்கக் காரணம் இல்லை.

பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சிறு தற்செயல் ஆற்றலைக் கூட்டுங்கள். இரு பரிமாணத்தில் இந்த ஒழுங்கின்மை எவ்வளவு சிறிதானாலும் முழு ஒழுங்கை உடைத்துவிடும் என்று இம்ரியும் மாவும் 1975-இல் காட்டினார்கள். சுவர்கள் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும், 0.5 சரிவு வளைந்து படுத்துவிடும். பலம் 0, 0.5, 1 என்று மூன்று கோடுகளை ஒரே வரைபடத்தில் போடுங்கள்.

வேகத்துக்கு சி மொழி, அல்லது பைத்தானோடு அதை வேகமாக்கும் நம்பா (Numba) என்ற கருவி. வெறும் பைத்தான் லூப் 10,000 படிக்கு உங்களைப் பொறுமையிழக்க வைக்கும். பக்கத்து இடத்தோடு நிற்காமல் தொலைவுவரை நீளும் கூலும் (Coulomb) விலக்கை எடுத்தால் ஒவ்வொரு இடத்தின் மின்னழுத்தத்தையும் சேமித்து வைத்து, தாவல் ஏற்கப்பட்டால் மட்டும் புதுப்பியுங்கள். கோடையில் சூடேறிய மடிக்கணினி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீண்ட ஓட்டங்களை இரவில் போடுங்கள், 500 படிக்கு ஒரு முறை நிலையைக் கோப்பில் எழுதுங்கள், தற்செயல் எண்ணின் விதையையும் (தொடக்க எண்ணையும்) அதே கோப்பில் குறித்து வையுங்கள்.